விற்பதற்குப் புகையடுப்பு கட்டுவது: முதல் கேள்வியிலிருந்து ஒப்படைப்பு வரை

கேட், ஜன்னல் கிரில் செய்து பழகிய கைகளுக்கு, கட்டைப் புகையிலும் மிதமான சூட்டிலும் இறைச்சியை வேகவைக்கும் புகையடுப்பு சுலபமான வேலையாகத் தெரியும். ஓர் உருளை, பக்கத்தில் ஒரு நெருப்புப் பெட்டி, ஒரு புகைபோக்கி, நான்கு கால்கள். கோலாலம்பூரில் இதைச் செய்து விற்க வருகிறவர்களில் பெரும்பாலோருக்குப் பற்றவைப்பு நன்றாகவே வரும். அவர்கள் இடறுவது வேலையின் வரிசையில். தகட்டை வெட்டிவிட்டுக் காற்றைப் பற்றி யோசிக்கிறார்கள், பெயின்ட் அடித்துவிட்டு நெருப்பு மூட்டிப் பார்க்கிறார்கள். அடுப்பு அழகாக இருக்கும், ஆனால் இறைச்சி ஒரு பக்கம் கருகும், மறுபக்கம் பச்சையாக நிற்கும்.

இங்கே ஒரே ஓர் அளவை எடுத்துக்கொண்டு கடைசி வரை போகிறேன்: 50 செ.மீ. விட்டமும் 120 செ.மீ. நீளமும் உள்ள உருளை, அதன் ஒரு முனையில் நெருப்புப் பெட்டி. குடும்பங்களும் சிறிய கேட்டரிங்காரர்களும் அதிகம் கேட்பது இதைத்தான். இதைச் சரியாகக் கட்டத் தெரிந்தால் பெரிதாக்குவது கணக்கு வேலை மட்டுமே.

1. தொடங்கும் முன் இருக்க வேண்டியவை

முதலில் இடம். டெரஸ் வீட்டின் கார் நிறுத்துமிடத்தில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். 3.2 மி.மீ. வெல்டிங் ராடு எரிக்கும்போது வெல்டிங் இன்வெர்ட்டர் செட் இழுக்கும் மின்சாரத்தை 13 ஆம்பியர் பிளக் தாங்காது. பிளக் இளகும், வயர் சூடாகும். கிரைண்டர் சத்தமும் சோதனைப் புகையும் பக்கத்து வீட்டுக்காரரை மாநகர் மன்றத்துக்குத் தொலைபேசி எடுக்க வைக்கும். சொந்தப் பட்டறை இல்லையென்றால், தெரிந்தவர் பட்டறையில் நாள் வாடகைக்கு ஒரு மூலை கேட்டுப் பாருங்கள்.

அடுத்து பதிவு. 1956-ஆம் ஆண்டு வணிகப் பதிவுச் சட்டப்படி, தொழில் தொடங்கிய 30 நாட்களுக்குள் எஸ்எஸ்எம் எனப்படும் மலேசிய நிறுவன ஆணையத்தில் பதிய வேண்டும். சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 ரிங்கிட், வணிகப் பெயரில் என்றால் 60. பட்டறைக்கான உரிமம் தனி. அதை மாநகர் மன்றத்திடம் வாங்க வேண்டும். ஒருவரைக் கூலிக்கு வைத்தாலும், 1994-ஆம் ஆண்டு தொழிலியல் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் உங்களுக்கும் பொருந்தும். 2024 ஜூன் முதல் அது ஏறக்குறைய எல்லா வேலையிடங்களுக்கும் விரிந்துவிட்டது.

கருவிகள்: வெல்டிங் செட், 4 அங்குல கிரைண்டர், 1 மி.மீ. வெட்டும் தட்டுகள், மூலைமட்டம், ரசமட்டம், பட்டைக் கவ்விகள், நம்பகமான இரண்டு வெப்பமானிகள், தீயணைப்பான். கண்ணாடி, கையுறை, முகமூடி இல்லாமல் யாரையும் வேலைக்குள் விடாதீர்கள்.

2. வாடிக்கையாளரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்

"தம்பி, முழு ஆடு வைக்கிற மாதிரி ஒன்று வேண்டும்" என்றுதான் பலர் பேச்சைத் தொடங்குவார்கள். உடனே நீளத்தைக் கூட்டிவிடாதீர்கள். மாதத்தில் எத்தனை முறை சமைப்பார், எத்தனை பேருக்கு, எந்த இறைச்சி என்று கேளுங்கள். பெரும்பாலும் அவருக்கு வேண்டியது நான்கு ஆட்டுத் தொடையும் சில கோழிகளுமாக இருக்கும். இந்த அளவு உருளையின் கம்பித்தட்டில் பாதியாகப் பிளந்த கோழிகள் பத்துப் பன்னிரண்டு நெருக்கமில்லாமல் கிடக்கும். பெரிய அடுப்பைச் சூடேற்ற ஒவ்வொரு முறையும் அதிகக் கட்டை வேண்டும். தேவைக்கு மேல் பெரிதாக வாங்கியவர் சில மாதங்களில் அதைத் தொடுவதை நிறுத்திவிடுவார், அடுத்தவருக்கு உங்கள் பெயரைச் சொல்லவும் மாட்டார்.

எங்கே நிற்கப் போகிறது என்பது அடுத்த கேள்வி. கேட்டின் அகலம், பக்கச் சந்தின் அகலம், படிகளின் உயரம் ஆகியவற்றை நேரில் போய் அளந்து வாருங்கள். செய்து முடித்த அடுப்பு ஏறக்குறைய 150 கிலோ இருக்கும். அதைத் தூக்கிச் சுவர் தாண்ட வைக்க முடியாது. கொண்டோமினியம் என்றால் நிர்வாகத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் முன்பணம் வாங்காதீர்கள்.

யார் சமைப்பார் என்பதையும் கேளுங்கள். ஐந்தடி உயரமுள்ள அம்மாவுக்கும் ஆறடி உயரமுள்ள மகனுக்கும் கம்பித்தட்டு ஒரே உயரத்தில் இருக்க முடியாது.

முஸ்லிம் வாடிக்கையாளர்களுக்கும் விற்க நினைத்தால் இப்போதே ஒரு முடிவு எடுங்கள்: எந்த அடுப்பையும் இறைச்சி வைத்துச் சோதிக்காதீர்கள். ஹலால் அல்லாத எதுவும் பட்டறையில் எந்தக் கம்பித்தட்டிலும் பட்டதில்லை என்று நீங்கள் உறுதி கொடுக்க முடிய வேண்டும். சைவக் குடும்பம் காளான், பனீர் புகையூட்ட வாங்கினாலும் இதே உறுதி உதவும். இறைச்சியில்லாமல் சோதிக்கும் முறை 9-ஆம் பகுதியில் இருக்கிறது.

3. காற்றின் வழியை முதலில் வரையுங்கள்

இந்தப் பகுதியை அவசரப்பட்டுக் கடக்காதீர்கள். அடுப்பின் நல்லதும் கெட்டதும் இங்கேதான் தீர்மானமாகிறது.

நெருப்புக்குக் காற்று போதவில்லை என்றால் கட்டை முழுதாக எரியாது. அப்போது வெள்ளையாக, திரளாகப் புகை வரும். அந்தப் புகை இறைச்சியில் கசப்பாகப் படியும், நாக்கு மரக்கும். நன்றாக எரியும் நெருப்பின் புகை மெல்லியதாக, நீலம் கலந்து, சில நேரம் கண்ணுக்கே தெரியாமல் போகும். வாங்கியவர் "கசக்கிறது" என்று சொன்னால் பத்தில் ஒன்பது முறை அதற்குக் காரணம் காற்று. மீதி, ஈரக்கட்டை.

கணக்கை உருளையின் கொள்ளளவிலிருந்து தொடங்குங்கள். 50 செ.மீ. விட்டம், 120 செ.மீ. நீளம் என்றால் சுமார் 235 லிட்டர். நெருப்புப் பெட்டி அதில் மூன்றில் ஒரு பங்கு இருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் பொதுவாக எல்லோரும் பின்பற்றும் விகிதம். அப்படியென்றால் சுமார் 78 லிட்டர். பக்கத்துக்கு 43 செ.மீ. உள்ள ஒரு சதுரப் பெட்டி அதைத் தரும். பெட்டி சிறியதானால், சூட்டைத் தக்கவைக்கக் கட்டையைத் திணித்து, காற்று போதாமல் எரிக்கும் நிலைக்கு வந்துவிடுவோம், புகை கெடும். சற்றுப் பெரியதாக இருந்தால் சிறிய நெருப்பைச் சுதந்திரமாக எரிய விடலாம். ஐயம் வந்தால் பெரிய பக்கம் சாயுங்கள்.

அடுத்து, பெட்டியிலிருந்து உருளைக்குள் சூடு நுழையும் வழி. உருளையின் முனைத் தட்டில் அடிப்பக்கமாக, பிறை வடிவில் வெட்டுவோம். பிறையின் நடு உயரம் 9 செ.மீ. என்றால் பரப்பு சுமார் 240 சதுர செ.மீ. வரும். இந்த அளவுக்கு அது போதும்.

புகைபோக்கிக்கு நான் 5 அங்குலக் குழாய் வைக்கிறேன். உயரம் 80 செ.மீ. பலர் கையில் கிடக்கிறது என்று 3 அங்குலக் குழாயை வைத்துவிடுகிறார்கள். குழாயின் விட்டம் பாதியானால் வாய்ப்பரப்பு கால்பங்காகிவிடும் என்பதை மறக்கிறார்கள். காற்றை உள்ளே தள்ளுவது எதுவும் இல்லை. புகைபோக்கியில் ஏறும் சூடான காற்றுதான் புதிய காற்றை உள்ளே இழுக்கிறது. இழுப்பு நின்றால் எல்லாம் நிற்கும்.

புகைபோக்கி எங்கே தொடங்குகிறது என்பதும் முக்கியம். நெருப்புப் பெட்டிக்கு எதிர் முனையில், கம்பித்தட்டின் மட்டத்தில் அதன் வாய் இருக்க வேண்டும். உருளையின் உச்சியில் ஓட்டை போட்டுக் குழாயை நட்டால், சூடு மேலே ஏறி, இறைச்சியைத் தொடாமலேயே வெளியேறிவிடும். தட்டு மட்டத்தில் வாய் இருந்தால், புகை போகிற வழியில் இறைச்சி கிடக்கும்.

காற்று நுழையும் வாய் நெருப்புப் பெட்டியின் கதவில், அடியில் வர வேண்டும். முழுதாகத் திறந்தால் அதன் பரப்பு புகைபோக்கியின் வாய்ப்பரப்புக்குக் குறையக் கூடாது. 5 அங்குலக் குழாய்க்கு அது சுமார் 125 சதுர செ.மீ. நகரும் மூடுதட்டு வைத்துவிடுங்கள். அதிகமாக இருப்பதை மூடிக் குறைக்கலாம். வெட்டாத ஓட்டையை வாடிக்கையாளர் வீட்டில் திறக்க முடியாது.

இவ்வளவையும் ஒரு தாளில், பக்கவாட்டுத் தோற்றமாக வரைந்து, காற்று போகும் வழியை அம்புக்குறியால் காட்டுங்கள். வாடிக்கையாளரிடம் அந்தத் தாளில் கையெழுத்து வாங்கிய பிறகே அடுத்த படி.

4. விலையும் முன்பணமும்

தகட்டின் எடையைக் கணக்கிடத் தெரிந்தால் விலை தானாக வரும். ஒரு சதுர மீட்டர் இரும்புத் தகடு, 1 மி.மீ. தடிப்புக்கு 7.85 கிலோ. ஆக 4 மி.மீ. தகடு சதுர மீட்டருக்கு 31.4 கிலோ, 6 மி.மீ. தகடு 47.1 கிலோ. உருளையும் இரண்டு முனைத் தட்டுகளும் சேர்ந்து 71 கிலோ, நெருப்புப் பெட்டி 52 கிலோ. மீதி எடை கால், கம்பித்தட்டு, குழாய், சக்கரம்.

இரும்புக்குப் பிறகு ராடு, வெட்டும் தட்டுகள், பெயின்ட், தகட்டை உருளையாக உருட்டித் தரும் கூலி, லோரி வாடகை, மின்சாரம் ஆகியவற்றை எழுதுங்கள். கடைசியில் உங்கள் மணிக்கணக்கு. புதியவர்கள் விட்டுவிடுவது தேய்க்கும் நேரம், சோதனை நாள், ஒப்படைக்கப் போய்வரும் நேரம் ஆகிய மூன்றையும்தான். அவற்றையும் கூலியில் சேர்த்த பிறகே இலாபத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

இரும்பு விலை ஏறி இறங்கும். எனவே சொன்ன விலை ஏழு நாட்களுக்கு மட்டுமே என்று விலைக் குறிப்பில் எழுதிவிடுங்கள். பாதிப்பணம் கைக்கு வந்த பிறகு தகடு வாங்குங்கள்.

5. இரும்பு வாங்கும்போது

கோலாலம்பூரின் சான் சோ லின், சுங்கை பீசி வட்டாரத்தில் தகடு, குழாய், உருட்டும் இயந்திரம் எல்லாம் ஒரு சுற்றில் கிடைக்கும். 4 அடிக்கு 8 அடி உள்ள 4 மி.மீ. தகடு ஒன்று வாங்கினால், உருளைக்கு 1571 x 1200 மி.மீ. துண்டு போக, மீதியில் இரண்டு முனைத் தட்டுகளும் வந்துவிடும். நெருப்புப் பெட்டிக்கு 6 மி.மீ. தகடு. அங்கே 4 மி.மீ. போட்டால் சில மாதங்களில் மேல்தகடு வளைந்துவிடும்.

வாங்கக் கூடாதவையும் உண்டு. இந்த விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

கேஸ் தோம்பு. காலியானதாகத் தெரிந்தாலும் உள்ளே வாயு தங்கியிருக்கும். கிரைண்டர் பொறி பட்டால் வெடிக்கும். அதுவும் வைப்புத்தொகைக்குக் கொடுக்கப்பட்ட தோம்பு கேஸ் நிறுவனத்தின் சொத்து. வேண்டவே வேண்டாம்.

பழைய இரசாயன டிரம். 200 லிட்டர் டிரம்மில் நிமிர்ந்து நிற்கும் அடுப்பு கட்டுவது நல்ல தொழில்தான், ஆனால் டிரம்மின் பூர்வீகம் தெரிய வேண்டும். இரசாயனமோ கனிம எண்ணெயோ படிந்த டிரம்கள் மலேசியச் சட்டத்தில் அட்டவணைக் கழிவு, அதாவது ஆபத்தான கழிவு. குறியீடு எஸ்டபிள்யூ 409. அவற்றில் யாருக்கும் சோறு சமைத்துத் தரக் கூடாது. உணவு வந்த டிரம்மிலும் உட்புறம் எப்பாக்சிப் பூச்சு இருக்கலாம். அதைத் திறந்தவெளியில் எரித்து நீக்குவது 1974 சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் 29ஏ பிரிவில் மாட்டிவிடும். பூச்சில்லாத புதிய டிரம் வாங்குங்கள், அல்லது மணல் பீய்ச்சித் தேய்த்துத் தரும் பட்டறைக்கு அனுப்புங்கள்.

துத்தநாகம் பூசிய எதுவும். துத்தநாகம் 907 பாகையில் கொதிக்கும்; வெல்டிங் சுடர் அதைவிடப் பலமடங்கு சூடு. அந்தப் புகையைச் சுவாசித்தால் சில மணி நேரம் கழித்துக் காய்ச்சலும் நடுக்கமும் வரும். ஆங்கிள், குழாய் வாங்கும்போது எல்லோரும் கவனமாக இருக்கிறார்கள். கம்பித்தட்டுக்கான வலைத்தகட்டில்தான் ஏமாறுகிறார்கள், ஏனென்றால் கடையில் எளிதாகக் கிடைப்பது பூசிய வலைத்தகடு. புள்ளிபுள்ளியாகப் பூப்போன்ற பளபளப்பு தெரிந்தால் அது பூசியது.

6. உருளையும் கதவும்

தகட்டை உருட்டி வாங்கியதும், அதன் இரு ஓரங்களும் சேரும் கூட்டுவரிசையைப் பின்பக்கமாக, கம்பித்தட்டு மட்டத்துக்குக் கீழே வருமாறு திருப்பி வையுங்கள். கதவின் நடுவில் வந்தால் வெட்டும்போது பிளவுபடும். அடியில் வந்தால் கொழுப்பு தேங்கும் இடத்தில் கசியும்.

முதலில் முழு நீளத்துக்கும் ஒரு சாண் இடைவெளியில் டேக் (புள்ளிப் பற்றவைப்பு) போடுங்கள். பிறகு இங்கே ஒரு விரல் நீளம், எதிர் முனையில் ஒரு விரல் நீளம் என்று மாறி மாறிப் பற்றவையுங்கள். ஒரே மூச்சில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போனால் சூடு ஒரு பக்கமாகச் சேர்ந்து உருளை முறுக்கிக்கொள்ளும்.

பிறை வெட்டிய முனைத் தட்டையும் மற்ற முனைத் தட்டையும் பற்றவைத்த பிறகுதான் கதவைத் தொட வேண்டும். முனைத் தட்டுகள்தான் உருளையை வட்டமாகப் பிடித்து நிற்கின்றன. கதவை முதலில் வெட்டினால் உருளை வாய் பிளந்துவிடும், பிறகு எந்தத் தட்டும் பொருந்தாது.

கதவை வெட்டும் முறையைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். புதியவர்கள் அதிக நேரத்தையும் தகட்டையும் இழப்பது இங்கேதான்.

சுண்ணக்கட்டியால் கதவைக் குறியுங்கள். கீழ்க்கோடு கம்பித்தட்டு மட்டத்துக்கு இரண்டு விரல் மேலே. மேல்கோடு உருளையின் உச்சிக்குச் சற்று முன்னால். இரு பக்கமும் முனைகளிலிருந்து 12 செ.மீ. விடுங்கள்.

உருட்டிய தகட்டுக்குள் ஓர் இறுக்கம் ஒளிந்திருக்கும். வெட்டி விடுதலை செய்தவுடன் கதவின் வளைவு சற்று விரியும்; ஓரங்கள் உருளையிலிருந்து அரை செ.மீ. தள்ளி நிற்கும். அதைத் தடுக்க, வெட்டும் முன்பே கதவுப் பகுதியின் வெளிப்புறத்தில் அதே வளைவில் வளைத்த இரண்டு பட்டை இரும்புகளை மேலிருந்து கீழாகப் பற்றவையுங்கள். இவை பிறகு அடுப்பின் அழகாகவே இருக்கும்.

இப்போது 1 மி.மீ. தட்டால் மேல்கோட்டை மட்டும் வெட்டுங்கள். வெட்டியதும் கீல்களை வைத்து, ஒரு பக்கம் உருளையிலும் மறுபக்கம் கதவிலும் பற்றவையுங்கள். மற்ற மூன்று கோடுகள் இன்னும் வெட்டப்படாததால் கதவு இம்மியும் நகராது; கீல் நேராக அமரும். அதன் பிறகு பக்கக் கோடுகள், கடைசியில் கீழ்க்கோடு. கீழ்க்கோட்டின் கடைசி விரல் அகலம் வெட்டுப்படும்போது "டக்" என்று ஒரு சத்தம் கேட்கும். கதவு மயிரிழை கீழே இறங்கி நிற்கும். அவ்வளவே நகர்ந்தால் வேலை சரி. முழுக் கதவையும் வெட்டியெடுத்துவிட்டுக் கீல் பொருத்தப் பார்ப்பவர்கள் அரை நாள் சுத்தியலும் கையுமாக நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

கேஸ் கட்டரால் வெட்டாதீர்கள். வெட்டின் அகலம் கூடும், அந்த இடைவெளியில் புகை ஒழுகும். வெட்டு முடிந்ததும் பக்கங்களிலும் கீழும் 25 மி.மீ. பட்டை இரும்பைக் கதவின் ஓரத்தில் பாதி, வெளியே பாதி நீட்டுமாறு ஒட்டுங்கள். அது உருளையின் மேல் படிந்து வாயை மூடும்.

இந்தக் கதவு 13 கிலோவுக்கு வரும். கீலுக்குப் பின்னால் ஒரு கையை நீட்டி, எதிர் எடை வையுங்கள். சமைப்பவர் ஒரு கையால் தூக்கி, மறு கையால் இறைச்சியைத் திருப்ப முடிய வேண்டும்.

7. நெருப்புப் பெட்டி

பெட்டியின் மேல்மட்டம் உருளையின் நடுமட்டத்தைத் தாண்டி உயரக் கூடாது. பெட்டி தாழ்ந்து இருந்தால்தான் சூடு இயல்பாக மேலேறி உருளைக்குள் போகும்.

உள்ளே கட்டை கிடக்க, 12 மி.மீ. கம்பியில் ஒரு தட்டு செய்து, பெட்டியின் அடித்தகட்டிலிருந்து 6 செ.மீ. தூக்கி வையுங்கள். கட்டைக்கு அடியில் காற்று போகவும் சாம்பல் விழவும் அந்த இடைவெளி வேண்டும். தட்டைப் பற்றவைக்காமல் கழற்றும்படி விடுங்கள். முதலில் எரிந்து தேய்வது அதுதான்.

பிறைவழிக்கு மேலே, உருளையின் உள்ளே, சாய்வான ஒரு சிறு தகட்டைப் போல்ட்டில் பொருத்துங்கள். முதல் வரிசை இறைச்சியில் சூடு நேராக அடிப்பதை அது தடுக்கும். போல்ட் என்று சொல்வதற்குக் காரணம், சோதனையில் அதன் சாய்வை மாற்ற வேண்டிவரும்.

8. கம்பித்தட்டு, வடிகால், வெப்பமானி, கால்கள்

கம்பித்தட்டுக்கு 304 ரக எவர்சில்வர் வாங்குங்கள். உருளையின் நீளத்துக்கு ஒரே துண்டாகச் செய்துவிட்டு, பிறகு கழுவ வெளியே எடுக்க முடியாமல் தவிப்பவர்கள் உண்டு. இரண்டு துண்டாகச் செய்யுங்கள்.

வடிகால் உருளையின் அடியில், புகைபோக்கிப் பக்க முனையில். ஓர் அங்குலக் குழாயும் வால்வும் போதும். அடுப்பு முழுவதும் அந்த முனைக்கு ஒரு விரல் அளவு சாய்ந்து நிற்க வேண்டும். கொழுப்பு நெருப்புப் பக்கம் ஓடினால் தீப்பிடிக்கும்.

வெப்பமானிகள் இரண்டு, கம்பித்தட்டு மட்டத்தில், இரு முனைகளிலும். கதவின் உச்சியில் ஒன்றை வைத்து விற்பது வழக்கமாகிவிட்டது. அங்கே காட்டும் சூடு இறைச்சி உணரும் சூடு அல்ல. பொருத்தும் முன் கொதிக்கும் நீரில் வைத்து 100 காட்டுகிறதா என்று பாருங்கள்.

கால்கள் ஆங்கிள் இரும்பில். கம்பித்தட்டின் உயரத்தை வாடிக்கையாளரின் முழங்கை மட்டத்துக்குச் சற்றுக் கீழே வைத்து வெட்டுங்கள். நெருப்புப் பெட்டிப் பக்கம் சக்கரம் வேண்டாம்; எடை அங்கேதான் அதிகம், உருண்டுவிடும்.

9. பெயின்டுக்கு முன் நெருப்பு

எல்லாம் பற்றவைத்து முடிந்ததும் உள்ளும் புறமும் எண்ணெய்ப் பிசுக்கைத் துடையுங்கள். இருட்டியபின் உருளைக்குள் ஒரு விளக்கை வைத்துக் கதவை மூடிச் சுற்றி வாருங்கள். வெளிச்சம் ஒழுகும் இடமெல்லாம் புகையும் ஒழுகும்.

மறுநாள் நெருப்பு. அடியில் கங்குக்குச் சதுப்புநில மரக்கரி. கோலா செப்பெத்தாங் சூளைக் கரி கிடைத்தால் நல்லது. மேலே ரம்புத்தான் கட்டை, மாங்கட்டை, அல்லது தோட்டத்தில் வெட்டிக் காயவைத்த பால்மர (ரப்பர்) கட்டை. மரச்சாமான் தொழிற்சாலையில் மிஞ்சிய பால்மரத் துண்டுகளை எடுக்காதீர்கள். பூச்சி அரிக்காமலிருக்க அதில் போரான் மருந்து ஏற்றியிருப்பார்கள். கட்டையின் ஈரம் 20 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் உங்கள் சோதனையே பொய்யாகும். இங்குள்ள மழைக்குத் திறந்தவெளியில் அடுக்கிய கட்டை காயவே காயாது.

திறந்த இடத்தில் மட்டும் மூட்டுங்கள். கரிப்புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு. மூடிய பட்டறையில் ஆளை வீழ்த்தும்.

உருளை 180 பாகைக்கு ஏறியதும் வெள்ளை ரொட்டித் துண்டுகளைக் கம்பித்தட்டு முழுக்க வரிசையாகப் பரப்பி, கதவை மூடி, பத்து நிமிடம் விடுங்கள். திறந்து பார்த்தால் அடுப்பின் குணம் வரைபடம் போல் விரிந்து கிடக்கும். நெருப்புப் பக்க முதல் வரிசை கருத்து, நடுவில் பொன்னிறம், மூலையில் வெளுப்பு என்று தெரிந்தால், சாய்தகட்டின் கோணத்தை மாற்றி மீண்டும் பரப்புங்கள். முன்னோரம் மட்டும் வெளுத்திருந்தால் கதவு ஒழுகுகிறது. பார்த்ததைப் படம் எடுத்து வையுங்கள். அது வாடிக்கையாளருக்குக் காட்ட வேண்டிய படம்.

அதன் பிறகு சூட்டை 120 பாகைக்கு இறக்கி, இரண்டு மணி நேரம் அங்கேயே நிறுத்த முடிகிறதா என்று பாருங்கள். சமையல் நடப்பது 110-க்கும் 135-க்கும் நடுவில்தான். காற்று வாயை முக்கால்வாசி மூடினால்தான் 120-இல் நிற்கிறது, புகையும் வெளுக்கிறது என்றால் நெருப்பு பெரிது. சிறிய கட்டையாக வெட்டிப் போட்டு மீண்டும் பாருங்கள். எல்லாவற்றையும் திறந்தும் 120-ஐத் தொடவில்லை என்றால் வெட்டிப் பெரிதாக்க வேண்டிய வாய் எங்கோ இருக்கிறது. பெயின்ட் இன்னும் அடிக்காததால் அச்சமின்றி வெட்டலாம்.

10. பெயின்ட்டும் எண்ணெயும்

இந்த ஊர் ஈரத்தில் வெற்று இரும்பு ஓர் இரவில் பழுப்பாகும். ஆகவே சோதனை முடிந்த மறுநாள் காலை, மழை கூடும் முன், வெளிப்புறத்தைத் தேய்த்து, தின்னரில் துடைத்து, பெயின்ட் அடித்துவிடுங்கள். 600 பாகை தாங்கும் பெயின்ட் வேண்டும். மெல்லிதாக இரண்டு பூச்சு. தடித்த ஒரே பூச்சு கொப்பளித்து உரியும். நெருப்புப் பெட்டியின் மேல்பக்கம் எந்தப் பெயின்டும் நெடுநாள் நிற்காது என்பதை வாடிக்கையாளரிடம் விற்பனைக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

உள்ளே பெயின்ட் கூடாது. சோயா எண்ணெய் அல்லது சூரியகாந்தி எண்ணெயைத் துணியால் மெல்லப் பூசி, இரண்டாம் முறை நெருப்பு மூட்டி, சூட்டைப் படிப்படியாக 200 பாகை வரை ஏற்றுங்கள். எண்ணெய் கருத்து, கெட்டியான படலமாக ஒட்டும். அதுவே துருவுக்குத் தடுப்பு. அதே நெருப்பில் வெளிப் பெயின்ட்டும் இறுகும். செம்பனை எண்ணெய் மலிவு என்று அதை எடுத்தால் படலம் சரியாக இறுகாது, பிசுபிசுக்கும். வன்பொருள் கடையில் மரத்துக்கு விற்கும் ஆளிவிதை எண்ணெயும் ஆகாது; அதில் உலர்த்தும் உலோக உப்புகள் கலந்திருக்கும்.

11. ஒப்படைப்பு

லோரியில் இறக்கி வைத்துவிட்டுக் கிளம்பாதீர்கள். வாடிக்கையாளர் கையாலேயே ஒரு நெருப்பு மூட்டச் சொல்லி, பக்கத்தில் நில்லுங்கள். காற்று வாயை எப்போது திறப்பது, அடுத்த கட்டையை எப்போது வைப்பது, புகையின் நிறத்தை எப்படிப் பார்ப்பது என்பதை அப்போது சொன்னால்தான் மனத்தில் நிற்கும். சுவரிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி, கூரைக்கு வெளியே நிறுத்துங்கள்.

ஒரு பக்க அட்டை ஒன்று எழுதிக் கொடுங்கள். தமிழிலும் மலாயிலும் இருந்தால் வீட்டில் எல்லோருக்கும் பயன்படும். கோழி உள்ளே 74 பாகை, பிய்த்தெடுக்க வேண்டிய ஆட்டுத் தோள் 90-க்கு மேல் என்ற இரண்டு எண்களையும் அதில் எழுதுங்கள். ஒவ்வொரு சமையலுக்குப் பிறகும் சாம்பலை அள்ள வேண்டும் என்பதைப் பெரிய எழுத்தில் போடுங்கள். சாம்பல் காற்றின் ஈரத்தை உறிஞ்சி, பெட்டியின் அடித்தகட்டைத் துருப்பிடிக்க வைக்கும்.

உத்தரவாதத்தையும் எழுத்தில் கொடுங்கள்: பற்றவைப்பு, கீல், கதவு இத்தனை மாதம், பெயின்ட்டும் கட்டைத்தட்டும் சேராது. 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்ற பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும். 50,000 ரிங்கிட் வரையிலான வழக்கை வாங்கியவர் வழக்கறிஞர் இல்லாமலே பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குக் கொண்டுபோகலாம். கையெழுத்திட்ட வரைபடம், ரொட்டிப் படம், உத்தரவாதத் தாள் மூன்றும் உங்கள் கோப்பில் இருக்கட்டும்.

ஒரு மாதம் கழித்து நேரில் போய்ப் பாருங்கள். கீலுக்கு எண்ணெய் இடுங்கள், சாய்தகட்டின் போல்ட்டை முறுக்குங்கள், பெட்டியின் அடிமூலைகளையும் வடிகால் குழாயைச் சுற்றியுள்ள இடத்தையும் கையால் தடவிப் பாருங்கள். துரு முதலில் பிடிப்பது அங்கேதான். பிளாஸ்டிக் உறையால் இறுக்கி மூடியிருந்தால் அதை எடுக்கச் சொல்லி, அடியில் காற்று போகும்படி தார்ப்பாயைத் தளர்வாகக் கட்டிக் காட்டிவிட்டு வாருங்கள்.